அவங்க மனசுல என்ன இருக்கு?

"அவங்க இடத்துல உன்னை வச்சுப் பாரு." இந்த அறிவுரையை வாங்காத ஆள் நம்மில் இருக்க முடியாது. மாமியார் மருமகள் சண்டைக்கு நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறவருக்கும் இதுதான், மேலாளரோடு முட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து புலம்புகிறவருக்கும் இதுதான். சொல்கிறவருக்குக் காசா பணமா, சொல்லிவிட்டுப் போகலாம். கேட்கிறவரும் தலையாட்டிவிட்டுப் போவார். இந்த அறிவுரை நிஜமாகவே வேலை செய்கிறதா என்று யாராவது உட்கார்ந்து சோதித்துப் பார்த்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. சோதித்திருக்கிறார்கள். அதுவும் 25 பரிசோதனைகள்.

இஸ்ரேலின் பென்-குரியன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டால் ஐயால், அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேரி ஸ்டெஃபல், சிகாகோ பல்கலைக்கழகத்தின் நிக்கோலஸ் எப்லி மூவரும் சேர்ந்து செய்த ஆய்வு அது. 2018-இல் வெளியானது. சிலருக்கு மனிதர்களின் கண் பகுதி மட்டும் தெரியும் படங்களைக் காட்டி, இவர் என்ன மனநிலையில் இருக்கிறார் என்று கேட்டார்கள். சிலரிடம் எது மனசார வந்த சிரிப்பு, எது ஒப்புக்குச் சிரித்த சிரிப்பு என்று கேட்டார்கள். பேசுகிறவர் பொய் சொல்கிறாரா என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். தம்பதிகளிடம், உங்கள் துணைக்கு எந்தப் படம் பிடிக்கும், எந்த ஜோக்குக்குச் சிரிப்பார், இந்த விஷயத்தில் அவர் கருத்து என்ன என்றெல்லாம் ஊகிக்கச் சொன்னார்கள். கலந்துகொண்டவர்களில் ஒரு பகுதியினரிடம் மட்டும் "அவர் இடத்தில் உங்களை வைத்து யோசித்துப் பதில் சொல்லுங்கள்" என்று கூடுதலாக ஒரு வார்த்தை.

இப்படி யோசித்தால் ஊகம் சரியாக வருமா என்று பொதுவாக மக்களிடம் கேட்டபோது, வரும் என்றுதான் சொன்னார்கள். வரவில்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் துல்லியம் கொஞ்சம் குறைந்தே போயிருந்தது. சில இடங்களில் "நான் சொன்னது சரிதான்" என்ற நம்பிக்கை மட்டும் ஏறியிருந்தது.

யோசித்தால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நான் அவர் இடத்துக்குப் போய் நிற்கிறேன் என்றால், அங்கே போவதும் நான்தானே? என் பயம், என் பழக்கம், எனக்குப் பிடித்த சினிமா எல்லாம் என்னோடுதான் வரும். அவர் மனதைப் பற்றிப் புதிதாக ஒரு தகவலும் என் கைக்கு வரவில்லை. இருக்கிற சரக்கையே கொஞ்சம் கிளறிவிட்டு, ஏதோ கண்டுபிடித்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறேன். ஆய்வாளர்கள் நியாயமாக இன்னொன்றையும் சொல்கிறார்கள். இப்படி யோசிப்பதால் அந்த மனிதர் மேல் கனிவு வரலாம், விரோதம் தணியலாம், அது வேறு விஷயம். அவர் என்ன நினைக்கிறார் என்பது தெரிய வேண்டுமானால் அதற்கு இது வழி இல்லை.

கடைசிப் பரிசோதனையில் வழியும் காட்டியிருக்கிறார்கள். ஊகிப்பதற்கு முன் துணையோடு உட்கார்ந்து அந்த விஷயங்களைப் பேசிக் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சிலருக்கு வாய்ப்புக் கொடுத்தார்கள். அவர்களுடைய துல்லியம் கூடியது. இதற்கா இத்தனை பேர், இத்தனை பல்கலைக்கழகம் என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஆனால் கேட்டால் தெரியும் என்பது இவ்வளவு எளிய விஷயம் என்றால், நாம் ஏன் கேட்பதே இல்லை? எப்லியின் இருபது வருட வேலையைப் படித்துக்கொண்டு போனால், இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் பதில்கள் சிதறிக் கிடக்கின்றன.

எப்லி சமூக உளவியலாளர். சிகாகோ பல்கலைக்கழகத்தின் வணிகவியல் பள்ளியில் பேராசிரியர். முனைவர் பட்டம் கார்னெல் பல்கலைக்கழகத்தில், தாமஸ் கிலோவிச்சிடம். மற்றவர்கள் நம்மைக் கவனிக்கிறார்கள் என்று நாம் நினைக்கும் அளவுக்கு யாரும் நம்மைக் கவனிப்பதில்லை என்று, ஒரு மாணவருக்கு ஒரு பாடகர் படம் போட்ட சங்கடமான டி-சர்ட்டை மாட்டி, மற்ற மாணவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பிக் காட்டினாரே, அந்தக் கிலோவிச்தான். டி-சர்ட் போட்டவர் பாதிப்பேராவது பார்த்திருப்பார்கள் என்று கூசிப்போய் உட்கார்ந்திருந்தார். நிஜத்தில் பார்த்துப் படத்தில் யார் என்று சொன்னவர்கள் கிட்டத்தட்டக் கால்வாசிப் பேர்தான்.

எப்லியின் ஆய்வுகளில் எனக்கு அன்றாடம் நினைவுக்கு வருவது 2005-இல் ஜஸ்டின் க்ரூகரோடு சேர்ந்து செய்த மின்னஞ்சல் ஆய்வு. மாணவர்களிடம் சில வாக்கியங்களைக் கொடுத்தார்கள். சிலவற்றை நிஜமாகவே சொல்வது போலவும், சிலவற்றைக் கிண்டலாகவும் இன்னொருவருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு பகுதி மின்னஞ்சலில், ஒரு பகுதி குரலில். அனுப்பியவர்கள், எப்படி அனுப்பினாலும் நூற்றுக்கு 78 வாக்கியங்களின் தொனியாவது சரியாகப் போய்ச் சேரும் என்று நினைத்தார்கள். குரல் விஷயத்தில் அது ஏறக்குறைய உண்மை. மின்னஞ்சலில் சரியாகப் புரிந்தது 56 சதவீதம்தான். கிண்டலா நிஜமா என்ற இரண்டில் ஒன்றைக் காசைச் சுண்டிப் பார்த்துச் சொன்னாலே 50 வந்துவிடும் என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு இந்த எண்ணைப் பாருங்கள்.

எழுதும்போது என் காதுக்குள் என் குரல் கேட்கிறது. படிக்கிறவருக்கு அது கேட்காது என்பது எனக்குத் தெரியும், ஆனாலும் மறந்துபோகிறது. அதே ஆய்வில் சிலரை, அனுப்புவதற்கு முன் தங்கள் வாக்கியத்தை நேர்எதிர்த் தொனியில் வாய்விட்டுப் படிக்கச் சொன்னார்கள். கிண்டலாக எழுதியதை விறைப்பாகவும், விறைப்பாக எழுதியதைக் கிண்டலாகவும். அப்படிப் படித்தவர்களுக்கு அந்த மிதப்பு நன்றாகவே குறைந்தது. இது ரொம்பச் சின்னத் தந்திரம், ஆனால் வாட்ஸப்பில் வாழ்கிற நமக்கு இதைவிடப் பயனுள்ள ஆய்வு முடிவு எனக்குத் தெரியவில்லை. எங்கள் குடும்பக் குழுவில் பெரியப்பா எல்லாவற்றுக்கும் "சரி." என்றுதான் பதில் போடுவார். முற்றுப்புள்ளியோடு. பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர், வாக்கியம் முடிந்தால் புள்ளி வைத்தாக வேண்டும் அவருக்கு. அடுத்த தலைமுறைக்கு அந்தப் புள்ளி முகத்தைத் திருப்பிக்கொண்டது மாதிரி. "தாத்தா கோவமா இருக்காரா?" என்று தனியாக எனக்குச் செய்தி வரும். அவரிடம் நேராகக் கேட்டதாக இன்றுவரை எனக்குத் தகவல் இல்லை.

அந்நியர்கள் விஷயத்தில் இப்படி, நெருங்கியவர்கள் மனதாவது நமக்குத் தெரியும் என்று ஒரு தைரியம் இருக்கிறது அல்லவா? அங்கேதான் இந்த ஆய்வுகள் கொஞ்சம் சுடுகின்றன.

1997-இல் வில்லியம் ஸ்வானும் மைக்கேல் கில்லும் காதலர்களை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். இவர் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார், இதற்கு என்ன பதில் சொல்வார் என்று ஒருவர் இன்னொருவரைப் பற்றி ஊகிக்க வேண்டும், அந்த ஊகத்தில் எவ்வளவு உறுதி என்றும் சொல்ல வேண்டும். பழகிய காலம் நீள நீள உறுதி ஏறிக்கொண்டே போனது. துல்லியம் அதோடு சேர்ந்து ஏறவில்லை.

அதைவிட எனக்குப் பிடித்தது 2011-இல் கென்னத் சவிட்ஸ்கி, போவாஸ் கேசார், எப்லி முதலியோர் செய்தது. 24 தம்பதிகள். இரண்டு தம்பதிகளை, அதாவது நால்வரை, ஒருவருக்கொருவர் முதுகு காட்டுகிற மாதிரி நாற்காலிகளில் திருப்பி உட்கார வைத்தார்கள். ஒருவர் ஒரு சாதாரண வாக்கியத்தைச் சொல்வார். வீட்டில் புழங்குகிற, ஆனால் பல அர்த்தம் தரக்கூடிய வாக்கியம். மற்ற மூவரும் அவர் என்ன அர்த்தத்தில் சொன்னார் என்று கண்டுபிடிக்க வேண்டும். மூவரில் ஒருவர் வாழ்க்கைத்துணை, மற்ற இருவர் அன்றைக்குத்தான் பார்க்கிறவர்கள். சொல்கிறவர்களுக்குத் தன் துணை கட்டாயம் பிடித்துவிடுவார் என்று நம்பிக்கை. முடிவில் கணவனோ மனைவியோ கண்டுபிடித்தது, அந்த முன்பின் தெரியாதவர்கள் கண்டுபிடித்த அளவுதான். பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை.

சவிட்ஸ்கி ஒரு உதாரணம் சொல்வார். மனைவி "இங்க ரொம்பப் புழுக்கமா இருக்கு" என்கிறாள். ஏசியைக் கூட்டி வை என்று அர்த்தம். கணவன் அதைச் சரசமாக எடுத்துக்கொள்கிறான். அந்நியரிடம் பேசும்போது இவருக்கு நம் விஷயம் தெரியாதே என்று கவனமாக விளக்குகிறோம். வீட்டில் அந்தக் கவனத்தைக் கழற்றி வைத்துவிடுகிறோம். "இத்தனை வருஷமா கூட இருக்கீங்க, இதுகூடத் தெரியாதா?" என்ற வாக்கியம் தமிழ்நாட்டில் ஒரு நாளைக்கு எத்தனை லட்சம் முறை சொல்லப்படுகிறதோ தெரியாது. ஆய்வின்படி, தெரியாமல் இருப்பதுதான் இயல்பு. இதை வீட்டில் ஆதாரமாகக் காட்டி வாதாட முயல வேண்டாம் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

வள்ளுவர் குறிப்பறிதலுக்கு என்று ஒரு அதிகாரமே வைத்திருக்கிறார், அமைச்சனுக்கு வேண்டிய திறமையாக. அதில் "ஐயப் படாஅது அகத்தது உணர்வானைத் தெய்வத்தோ டொப்பக் கொளல்" என்கிறார். அடுத்தவன் மனதில் உள்ளதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் உணர்கிறவனைத் தெய்வத்துக்குச் சமமாக வை. பள்ளியில் இதைப் படித்தபோது அந்தத் திறமைக்கான புகழ்ச்சியாகத்தான் பட்டது. எப்லியைப் படித்த பிறகு எனக்கு இதில் ஒரு நமட்டுச் சிரிப்பும் தெரிகிறது. அப்படி ஒருத்தன் கிடைத்தால் அவன் மனுஷன் இல்லையப்பா, சாமி என்று சொல்கிற தொனி. உரையாசிரியர்கள் யாரும் என்னோடு ஒத்துக்கொள்ள மாட்டார்கள், பரவாயில்லை.

நமக்கு ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு ஒரு பரிசோதனையைச் சொன்னால் போதும். கட்டங்கட்டமாக ஒரு மர அலமாரி. அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் நீங்கள். சில கட்டங்களின் பின்பக்கம் அடைத்திருக்கும், அவற்றில் இருப்பது உங்களுக்கு மட்டுமே தெரியும். பெரியது, நடுத்தரம், சின்னது என மூன்று பொம்மை லாரிகள். மூன்றிலும் சின்னது அடைத்த கட்டத்துக்குள். அந்தப் பக்கத்து ஆள் "சின்ன லாரியை நகர்த்து" என்றால் அவர் சொல்வது நடுத்தர லாரியை, ஏனென்றால் அவர் கண்ணில் படுகிற இரண்டில் அதுதான் சின்னது. ஆனால் உங்கள் கண் முதலில் போவது நீங்கள் மட்டும் பார்க்கிற குட்டி லாரிக்கு. 2004-இல் எப்லியும் கேசாரும் கேரி மோர்வெட்ஜும் இந்த மாதிரி அலமாரியை வைத்துக் குழந்தைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் சோதித்தார்கள். குழந்தையின் கண் எவ்வளவு வேகமாகத் தப்பான பொருளுக்குப் போனதோ அதே வேகத்தில் அப்பா அம்மா கண்ணும் போனது. வளர்ந்தவர்கள் அதற்கப்புறம் தங்களைத் திருத்திக்கொண்டதுதான் வேகம். அதாவது, தன் பார்வையிலிருந்து தொடங்கும் பழக்கம் வயதானால் போவதில்லை. சாவகாசமாக இருந்தால் திருத்திக்கொள்வோம். அவசரம், அசதி, கோபம் என்று வந்துவிட்டால் குழந்தைதான்.

சரி, கேட்டுவிட வேண்டியதுதானே? கேட்பதற்கு முன்னால் ஒரு பயம் வந்து நிற்கிறது. அந்தப் பயத்தை எப்லி ரயிலில் ஏற்றிப் பார்த்தார்.

சிகாகோவுக்குத் தெற்கே ஹோம்வுட் என்று ஒரு புறநகர். அங்கிருந்து மெட்ரா ரயிலில் நகரத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் நிறைய. எப்லியும் ரயிலில் போய்வருகிற ஆள்தான். ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மனிதர்கள் ஒரு வார்த்தை பேசாமல் போவதைப் பார்த்துத்தான் இந்தக் கேள்வி வந்ததாகச் சொல்லியிருக்கிறார். மனித இனம் பேசிப் பழகுவதில் இன்பம் காண்கிற இனம் என்று புத்தகமெல்லாம் சொல்கிறது, இங்கே பார்த்தால் எல்லார் வாயிலும் பூட்டு. ஜூலியானா ஷ்ரோடரோடு சேர்ந்து அவர் செய்த அந்த ஆய்வு 2014-இல் வெளியானது. நிலையத்தில் பயணிகளைப் பிடித்து, ஒரு சாராரிடம் இன்று பக்கத்தில் உட்காருகிறவரிடம் பேசுங்கள் என்றார்கள். ஒரு சாராரிடம் யாரிடமும் பேசாமல் தனியாகப் போங்கள் என்றார்கள். மற்றவர்களிடம் வழக்கம்போலப் போங்கள் என்றார்கள். இறங்கும்போது பயணம் எப்படி இருந்தது என்று எழுதி அனுப்ப வேண்டும்.

பேசியவர்களின் பயணம்தான் இருப்பதில் நன்றாக இருந்தது. தனியாகப் போனவர்கள் கடைசி. ஆனால் அதே நிலையத்தில் வேறு சிலரிடம், இந்த மூன்றில் எது உங்களுக்குச் சுகமாக இருக்கும் என்று ஊகித்துச் சொல்லக் கேட்டபோது தலைகீழாகச் சொன்னார்கள். தனியாகப் போவதுதான் நிம்மதி, பேச்சுக் கொடுப்பது தொல்லை. பக்கத்தில் இருப்பவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே நம்மோடு பேச விரும்புவார்கள் என்றும் நினைத்தார்கள். பேச்சுக் கொடுத்த யாரும் முகத்தில் அடித்த மாதிரி ஒதுக்கப்படவில்லை. ஒவ்வொருவரும் "எனக்குப் பேசப் பிடிக்கும், அவருக்குப் பிடிக்காது" என்று நினைத்துக்கொண்டு எதிரெதிரே மௌனமாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

பேச்சுக் கொடுத்தவருக்கு நன்றாக இருந்தது, சரி, மாட்டிக்கொண்டவருக்கு? நல்ல கேள்வி. இதற்காக ஒரு காத்திருப்பு அறையில் தனியாக ஒரு ஆய்வு செய்தார்கள். பேசச் சொல்லி அனுப்பியவருக்கும், ஒன்றும் அறியாமல் பேச்சுக்கு ஆளானவருக்கும், இருவருக்குமே பேசியதில் மகிழ்ச்சிதான். சிகாகோக்காரர்கள் கொஞ்சம் சிநேகமான ஆட்கள், லண்டன்காரர்களிடம் இது நடக்காது என்று பலர் சொன்னார்கள். 2022-இல் லண்டன் பகுதி ரயில்களில் செய்த ஆய்வும் வெளியானது. அங்கும் இதே கதை. பேச ஆரம்பிப்பதுதான் பயமாக இருந்திருக்கிறது, பேச்சு இல்லை.

இதில் எனக்கு முழு உடன்பாடு கிடையாது. காலையில் வேலைக்குப் போகிற ஒரு பெண் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்காருகிறாள் என்றால், அவள் மற்றவர் மனதைத் தவறாகக் கணக்குப் போட்டதால்தான் என்று சொல்லிவிட முடியுமா? பத்துப் பேர் நன்றாகப் பேசி, பதினோராவது ஆள் இறங்கும் நிலையம்வரை தொடர்ந்து வந்தால் அந்தச் சராசரிக்கு அவளுக்கு என்ன மதிப்பு? சராசரியில் இன்பம் என்பது ஆய்வு சொல்கிற உண்மை. ஒரு ஆள் எதற்காகத் தயங்குகிறார் என்பதைச் சராசரி சொல்லாது. அப்புறம், நம்மூர் ரயிலில் பிரச்சினை வேறு மாதிரி. எக்மோரில் ஏறி உட்கார்ந்தால் தாம்பரம் வருவதற்குள் சொந்த ஊர், பையன் படிப்பு, சம்பளம் வரை கேட்டுவிடுகிற பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு எப்லி தேவையில்லை.

அமித் குமார், மைக்கேல் கார்டாஸ் போன்றவர்களோடு எப்லி பின்னால் செய்தவையும் இதே திசைதான். நன்றி சொல்லிக் கடிதம் எழுதச் சொன்னால், படிப்பவருக்குச் சங்கடமாக இருக்குமோ என்று எழுதுகிறவர் தேவைக்கு அதிகமாக அஞ்சுகிறார். பெறுகிறவருக்கு அவர் நினைத்ததைவிட அதிக மகிழ்ச்சி. முன்பின் தெரியாத இருவரை, கடைசியாக எப்போது ஒருவர் முன் அழுதீர்கள் என்பது போன்ற கேள்விகளைப் பேசிக்கொள்ள வைத்தால், பயந்த அளவு அசௌகரியம் அங்கே இல்லை.

கேட்பதன் பலனுக்கு எப்லி எடுத்துக்காட்டும் ஒரு பெரிய சம்பவம் அமெரிக்க ராணுவத்தில் நடந்தது. ஒருபால் ஈர்ப்பு உள்ளவர்கள் அதை வெளியே சொல்லாத வரை ராணுவத்தில் இருக்கலாம் என்ற விதி 1993 முதல் அங்கே இருந்தது. "கேட்காதே, சொல்லாதே" என்றே அதற்குப் பெயர். அதை நீக்கலாமா என்ற பேச்சு வந்தபோது 2009-இல் ஓய்வுபெற்ற தளபதிகளும் கடற்படைத் தலைவர்களுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டு, நீக்கினால் படைகளின் கட்டுக்கோப்பு குலைந்துவிடும் என்று எழுதினார்கள். வாழ்நாள் முழுக்கச் சிப்பாய்களோடு இருந்தவர்கள். சிப்பாய் மனது தங்களுக்குத் தெரியும் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை.

2010-இல் பென்டகன் வேறு ஒன்று செய்தது. பணியில் இருக்கிற 4 லட்சம் பேருக்குக் கேள்வித்தாள் அனுப்பியது. ஏறக்குறைய 1,15,000 பேர் பதில் எழுதினார்கள். விதியை நீக்கினால் பாதிப்பு இருக்காது, அல்லது நல்லதும் கெட்டதும் கலந்து இருக்கும், அல்லது நல்லதாகவே இருக்கும் என்று சொன்னவர்கள் சுமார் 70 சதவீதம். தங்கள் பிரிவிலேயே அப்படி ஒருவரோடு வேலை செய்திருக்கிறோம் என்று நினைத்தவர்கள் 69 சதவீதம். அவர்களில் 92 சதவீதம் பேர், அந்தப் பிரிவு சேர்ந்து வேலை செய்தவிதம் நன்றாகவோ, குறைசொல்ல முடியாத மாதிரியோ இருந்தது என்றார்கள். 2011 செப்டம்பர் 20 அன்று விதி போனது. தளபதிகள் பயந்த மாதிரி படை கலைந்துபோகவில்லை.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது ஆயிரம் தளபதிகள் தோற்றது இல்லை. அந்தக் கேள்வித்தாளில் பதில் எழுதியவர் பெயர் வெளியே வராது. அது இல்லாமல், அதே தளபதி மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு "நீ என்ன நினைக்கிறாய், தைரியமாகச் சொல்" என்று ஒரு சிப்பாயைக் கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும்? நம் அலுவலகங்களில் வருடத்துக்கு ஒருமுறை மனிதவளத் துறையிலிருந்து வந்து, "மனம் திறந்து பேசுங்கள்" என்பார்கள். மேலாளரும் கூடவே உட்கார்ந்திருப்பார். எல்லாரும் கேன்டீன் காப்பியைப் பற்றி மனம் திறந்து பேசுவோம்.

எப்லியிடம் நான் பாதி வழியில் பிரிகிற இடம் இதுதான். கேள் என்பது சரி. பதில் சொல்கிறவர் உண்மையைச் சொன்னால் அவருக்கு நஷ்டம் வராது என்ற நிலை இருந்தால்தான் கேள்விக்கு உயிர். அவரும் இதைச் சொல்லாமல் இல்லை, மனிதர்கள் பயந்தால் பொய் சொல்வார்கள் என்று எழுதுகிறார். ஆனால் நஷ்டம் என்றால் வேலை போவதும் தண்டனையும் மட்டும் இல்லையே. நம் வீடுகளில் இன்னும் நுணுக்கமான ஒரு நஷ்டம் இருக்கிறது. வேண்டும் என்று சொல்லிவிட்டால் கௌரவம் போய்விடும்.

என் அம்மாவிடம் தீபாவளிக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், "எனக்கு எதுக்குடா இப்ப, இருக்கறதையே கட்டறதுக்கு நேரம் இல்ல" என்பார். உண்மையா? பீரோவைத் திறந்து பார்த்தால் உண்மைதான் என்று தோன்றும். கடையில் மற்றவர்களுக்கு எடுக்கும்போது ஒரு புடவையின் தலைப்பை விரித்து, ஜரிகையை விரலால் தடவிப் பார்த்து, விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்து, மடித்து வைப்பதைப் பார்த்தால் வேறு மாதிரி தோன்றும். எப்லியின் பேச்சைக் கேட்டு நான் நேராகவே கேட்டிருக்கிறேன். "அம்மா, நிஜமாச் சொல்லு, வேணுமா வேண்டாமா?" நிஜமாகவே வேண்டாம் என்றுதான் பதில் வரும். ஆய்வுமுறையில் ஒரு குறையும் இல்லை.

மதுரையில் இருக்கிற சித்தி இதை வேறு மாதிரி செய்வாள். வேணுமா என்ற கேள்விக்கே போகமாட்டாள். இரண்டு சுங்குடிப் புடவைகளோடு வந்து இறங்கி, "அக்கா, ஒண்ணு எனக்கு, ஒண்ணு உனக்கு. இந்த மாம்பழக் கலரா, அந்த அரக்கா?" என்பாள். அம்மா "எனக்கு எதுக்குடி" என்று ஆரம்பிக்கும்போதே கை அரக்கின் மேல் இருக்கும். சித்தி அத்தோடு விட்டுவிடுவாள். ஏன் அது பிடித்தது என்று கேட்க மாட்டாள்.

அந்த 'ஏன்' கேட்காமல் விடுவது பெரிய விவேகம் என்பதற்கு உளவியலிலேயே ஆதாரம் உண்டு. 1977-இல் ரிச்சர்ட் நிஸ்பெட்டும் திமோதி வில்சனும் ஒரு கட்டுரை எழுதினார்கள். அதில் ஒரு பரிசோதனை. மலிவு விலைக் கடை ஒன்றில் நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று வருகிறவர்களைக் கேட்டார்கள். நான்கும் அச்சு அசலாக ஒன்றேதான். மக்கள் வலது ஓரத்தில் இருந்ததை, இடது ஓரத்தில் இருந்ததைவிடக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு அதிகமாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஏன் என்றால் நூல், நெசவு என்று காரணம் சொன்னார்கள். வைத்திருந்த இடம் காரணம் என்று யாரும் சொல்லவில்லை, அதுவா காரணம் என்று கேட்டபோதும் ஏறக்குறைய எல்லாரும் மறுத்தார்கள். மனதில் என்ன இருக்கிறது என்பதை ஒருவர் ஓரளவுக்குச் சொல்லிவிடுவார். அது எப்படி அங்கே வந்தது என்று கேட்டால் அவரும் நம்மைப் போலவே ஊகிக்கத்தான் செய்கிறார், வெளியிலிருந்து. "ஏன் இப்படிப் பண்ணினே?" என்று பிள்ளைகளை நிறுத்திவைத்துக் கேட்கிறோமே, அவர்களுக்கு நிஜமாகவே தெரியாது.

பெரியப்பாவின் புள்ளிக்கும், அம்மாவின் புடவைக்கும், சிகாகோ ஆய்வுகள் ஒரு அளவுக்குத்தான் வரும். அதற்கு மேலே உள்ளூர்ச் சட்டங்கள். விருந்துக்குப் போன வீட்டில் காப்பி சாப்பிடுகிறீர்களா என்றால் முதல் "வேண்டாம்" மரியாதைக்கு. இரண்டாவது "வேண்டாங்க, இப்பத்தான் குடிச்சேன்" கேட்டவர் நிஜமாகக் கேட்கிறாரா என்று பார்ப்பதற்கு. மூன்றாவதாகச் சொன்னால் நிஜமாகவே வேண்டாம். கேட்டுத் தெரிந்துகொள் என்கிற ஆய்வாளர் முதல் பதிலோடு நோட்டை மூடிவிட்டால் காப்பி போய்விட்டது. எத்தனையாவது வேண்டாமில் ஒரு மனது வெளியே வருகிறது என்று அளக்கிற ஒரு பரிசோதனையை யாராவது வடிவமைத்தால் எனக்குச் சொல்லுங்கள். முதல் ஆளாக என் அம்மாவைச் சேர்த்துவிடுகிறேன். வருகிறாயா என்று கேட்டால் வேண்டாம் என்பார், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.